கல் விழ ஒரு வழி

டணார்!

பாதியாய் மடங்கிப்போன ஒரு அலுமினியத் தகடு வாசலிலிருந்து பறந்து வந்து சிமென்ட் தரையில் விழுந்தது. கிறுகிறுவென்று ஒரு சுற்றுச் சுற்றி அவள் காலடியில் வந்து நின்றது. கவுன்ட்டரின் மேல் அவள் அளவு வாரியாகப் பிரித்து வைத்திருந்த போல்ட்டுகள் எல்லாம் துள்ளி ஒன்றோடொன்று கலந்தன. பின்பக்கம் வெல்டிங் சத்தம் சட்டென்று நின்றது.

அவள் மட்டும் துள்ளவில்லை. பழகிவிட்டது.

“ஏய், பல்சக்கரம்! உங்கப்பன் காலத்துத் தகட்டோட லட்சணத்தைப் பாரு!”

சத்தத்துக்குப் பின்னால் ஆள் வந்தான். தலைமுடியிலிருந்து பூட்ஸ் வரை கல்தூசி. வண்டி ஓட்டுகிற வட்டாரத்தில் அவனுக்கு ராக்கெட் என்று பட்டப்பெயர். வீட்டில் அவள் புருஷன். அவனுக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு ஒருவன் வந்தான். அவனை எல்லோரும் ஜால்ரா என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பார்க்கிற வேலையும் அதுதான்.

“அந்தப் பாறை மேல அந்த வேகத்துல இறங்கினா எந்தத் தகடுங்க தாங்கும்?” என்றாள் அவள், போல்ட்டுகளைத் திரும்பப் பிரித்தபடி.

“வாயைத் திறக்காதேடி. கண்ணு கூசுது.”

ஜோக் முடிவதற்கு முன்பே ஜால்ரா சிரித்துவிட்டான்.

அவளுக்கு மேல்வரிசையில் இரண்டு பற்கள் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். அவ்வளவுதான். ஆனால் வண்டியில் செயின் ஓடுகிற பல் வைத்த சக்கரத்தைக் காட்டி, “இது ஸ்பிராக்கெட், அது என் பொண்டாட்டி, ரெண்டும் ஒரே கம்பெனி அச்சு” என்று கல்யாணமான முதல் மாதமே அவன் ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னான். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது போனில் புதிதாகப் பேசுகிறவர்கள்கூட, “பல்சக்கரம் அக்காங்களா?” என்று மரியாதையாகவே கேட்கிறார்கள்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கல்யாணமாகி நாலாம் நாள், ஒரு வண்டிக்கு செயின் மாட்டிக்கொண்டிருந்தான். செயினின் இரண்டு நுனியையும் சேர்க்கிற சின்ன கிளிப்பை எதிர்ப்பக்கமாகப் போட்டுவிட்டான். “அப்படிப் போட்டா ஓடுறப்போ கழண்டுக்கும்ங்க. மூடின பக்கம் முன்னால பார்க்கணும்” என்றாள் அவள். சுற்றி ஆறு பேர் நின்றிருந்தார்கள். ஆறு பேரும் சிரித்தார்கள்.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதையும் அவன் செய்ததில்லை. செய்யாமல் விடுவது மட்டுமில்லை, நேர் எதிராகச் செய்வான். சுவர்க்கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால் ஓடுகிறது என்று ஒருமுறை சொன்னாள். அவன் தன் கைக்கடிகாரத்தைப் பத்து நிமிஷம் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டான். மூன்று மாதம் எல்லா இடத்துக்கும் தாமதமாகப் போனான். அதற்கும் அவளைத்தான் திட்டினான்.

“பெரிசு! வெளியே வா!” என்று ராக்கெட் கத்தினான்.

பின்பக்கத்திலிருந்து கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி வெல்டர் வந்தார். அவள் அப்பாவோடு சேர்ந்து இந்தப் பட்டறைக்குக் கூரை போட்டவர். உறவில்லை, ஆனால் அவளுக்குச் சித்தப்பா முறை.

வாசலில் நின்ற வண்டியைச் சுற்றி மூன்று பேரும் குனிந்தார்கள். பைக் மாதிரி மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற நாலு சக்கர ரேஸ் வண்டி. வயிறு தரையோடு தரையாக இருக்கும். இன்ஜினுக்கு அடியில் ஸ்கிட் பிளேட் என்கிற தகடு இல்லாவிட்டால் ஒரு கூர்க்கல் போதும், வயிற்றைக் கிழித்துவிடும். பின்னால், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, அச்சில் ஸ்பிராக்கெட். வண்டியிலேயே தாழ்வான இடம் அதுதான். அதற்கு அடியிலும் ஒரு காப்பு வேண்டும், அதுதான் கார்டு. காலையில் நடந்த பயிற்சியில் ராக்கெட் இரண்டையும் ஒரே பாறையில் காலி செய்திருந்தான். வண்டிக்கு வேறு சேதமில்லை.

“நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கல்குவாரில ஃபைனல். ரெண்டையும் புதுசா மாட்டணும்,” என்றான். “டீம் மேனேஜரே நேர்ல வர்றார். முதல் மூணு இடத்துல வந்தா அவங்க டீம்ல எடுத்துக்குவாங்க. தெரியும்ல?”

தெரியும். ஒரு மாதமாக வீட்டில் அந்தப் பேச்சுதான். டீமில் சேர்ந்தால் பெரிய நகரத்துக்குப் போய்விடுவான். பட்டறையை விற்றுவிட்டுப் போவான். மாப்பிள்ளை பேரில் இருந்தால்தான் மாப்பிள்ளைக்கு மரியாதை என்று அப்பா எல்லாவற்றையும் அவன் பேரில் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

“அப்போ நான்?” என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

“உன்னை அங்கே எங்கே கூட்டிட்டுப் போறது? போட்டோ எடுத்தா எனக்கு முன்னால உன் பல்லு வந்து நிக்கும். உங்க அக்கா வீட்டுல போய்ப் பாத்திரம் கழுவிட்டு இரு.”

அக்கா வீட்டில் பாத்திரம் கழுவ ஏற்கெனவே ஆள் இருந்தது. அக்காவே அதைப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள்.

அதனால் நாளைக் காலை பத்து மணி என்பது அவனுக்கு ஒரு ரேஸ். அவளுக்கு இந்தக் கூரை, இந்தக் கவுன்ட்டர், எந்த டப்பாவில் எந்த போல்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற இந்த அலமாரி, எல்லாமே.

அவள் அலமாரியிலிருந்து இரண்டு ஸ்கிட் பிளேட்டுகளை இறக்கிக் கவுன்ட்டரில் வைத்தாள். ஒன்று பளபளக்கும் அலுமினியம். இன்னொன்று கறுப்பு, கெட்டிப் பிளாஸ்டிக்.

“கல்குவாரிக்கு இந்தக் கறுப்புதாங்க நல்லது. பாறை மேல பட்டா வழுக்கிட்டுப் போயிடும். அலுமினியம் அங்கேயே பிடிச்சுக்கும், மடங்கும். போல்ட்டுத் தலையும் இதுல உள்ளே அமுங்கி இருக்கு, தேயாது.”

அவள் சொன்னது அத்தனையும் சரி. ராக்கெட் கறுப்பை ஒரு விரலால் தள்ளினான்.

“ரேஸுக்குப் போறேனா, வாளி வியாபாரத்துக்குப் போறேனா? பிளாஸ்டிக்காம் பிளாஸ்டிக்.”

“வாளி!” என்று ஜால்ரா தொடையில் தட்டிக்கொண்டான்.

“அந்த அலுமினியத்தை மாட்டு பெரிசு.”

வெல்டர் தகட்டை எடுத்துக்கொண்டு, வண்டியையும் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

அப்போதுதான் அவன் போன் அடித்தது. கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு, அவள் முகத்துக்கு நேராகவே பேசினான்.

“சொல்லுங்க சார்... ஆமா, திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடலாம்... இடிச்சுக்குங்க சார், உங்க இடம், நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க... ஆளுங்களா? வெல்டர் ஒருத்தர் இருக்கார், உங்களுக்குத் தேவைன்னா வெச்சுக்குங்க. அவர்கிட்ட நீங்க பேசிட்டதா சொன்னாரே... அப்புறம் ஒரு பொம்பளை. அது காலி பண்ணிடும் சார். பழைய சாமான் மாதிரிதான், ஓரமா எடுத்து வெச்சுடலாம்.”

போனை வைத்துவிட்டுச் சிரித்தான்.

அவள் திரும்பிப் பின்பக்கம் பார்த்தாள். வெல்டர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அவர் கையிலிருந்த ஸ்பேனர் அசையவில்லை. அவள் பக்கம் முகத்தையும் திருப்பவில்லை.

“சித்தப்பா, உங்ககிட்டயும் பேசிட்டாங்களா?”

“வயித்துப் பொழப்பு பாப்பா,” என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

அவள் ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து இரண்டு ஸ்பிராக்கெட் கார்டுகளை எடுத்தாள். மெதுவாக இறங்கினாள். தூசியைத் துணியால் துடைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஒன்று சிவப்புச் சாயம் ஏற்றிய அலுமினியம். ஸ்பிராக்கெட்டை இரண்டு பக்கமும் அடியும் சேர்த்து மூடுகிற கிண்ணம். காட்டில் மரக்கட்டைகள் மேல் ஏறி இறங்குகிறவர்களுக்காகச் செய்தது. பார்க்க அழகு. இன்னொன்று கறுப்பு. மீன் துடுப்பு மாதிரி ஒற்றைத் தகடு, பக்கமெல்லாம் திறப்பு. பார்த்தால் யாரோ பாதியில் விட்டுவிட்டுப் போன வேலை மாதிரி இருக்கும்.

ராக்கெட் முதலில் கறுப்பைத்தான் எடுத்தான். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான்.

“இது லேசா இருக்கே,” என்றான் தனக்குத்தானே. ஜால்ராவும், “ஆமாண்ணே, காத்து மாதிரி இருக்கு” என்றான்.

ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். கறுப்பைப் பின்பக்கம் கொடுக்கக் கையைக்கூட நீட்டிவிட்டான்.

“ஆமாங்க,” என்றாள் அவள். “அதையே எடுத்துக்குங்க. அதுதான் சரி.”

அவன் கை நின்றது.

“நான் கேட்டேனா உன்னை?”

“இல்லீங்க. அங்கே பூரா உதிரி ஜல்லி. சிவப்பு கார்டுல மேலேர்ந்து கல்லு விழுந்தா வெளியே போக வழியில்லை. உள்ளேயே கிடந்து உருளும். செயினுக்கும் பல்லுக்கும் நடுவுல மாட்டிச்சுன்னா பின்சக்கரம் ரெண்டும் பூட்டிக்கும். இதுல கல்லு விழ வழி இருக்கு. அதான் சொல்றேன்.”

“கேட்டியாடா?” என்று அவன் ஜால்ராவைப் பார்த்தான். “மேடம் கிளாஸ் எடுக்கிறாங்க.”

“நீ எந்த டீம்ல ஓட்டின அக்கா?” என்றான் ஜால்ரா.

“அவ சமையல்கட்டு டீமு. அங்கேயும் கடைசிதான்.” ராக்கெட் கறுப்பைக் கவுன்ட்டரில் எறிந்தான். “பெரிசு, நீ சொல்லு. எது?”

வெல்டர் எழுந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் இந்த வேலையில் இருப்பவர். அவருக்கும் தெரியும். அவளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். திங்கட்கிழமை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“உங்க இஷ்டம் தம்பி. ரெண்டும் நல்ல சாமான்தான்.”

“அப்போ சிவப்பு.”

பின்னால் வெல்டர் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டார், அந்த ஒரு நிமிஷம் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று. பாவம், அக்கறையில் சொல்லிவிட்டாள் என்று.

சாயங்காலம் கார்டின் கடைசி போல்ட்டை வெல்டர் முடுக்கும்போது அவள் கறுப்பு கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள். ராக்கெட் ஸ்டூலில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

“என்னங்க, இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்களேன். மாத்த பத்து நிமிஷம்தான் ஆகும்.”

“ஏண்டி, நான் ஜெயிக்கிறது உனக்குப் பிடிக்கலை, அதானே? நான் டீமுக்குப் போயிட்டா உன் கதி என்னாகும்னு பயம். அதான் ஓட்டை கார்டை என் தலையில கட்டப் பார்க்கிறே.”

“சத்தியமா இந்தக் கார்டுதாங்க நல்லது.”

“அதைக் கொண்டு போய் உன் வாயில மாட்டிக்கோ. அங்கேதான் கார்டு தேவை.”

வெல்டர் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கறுப்பு கார்டைத் திரும்பக் கொண்டுபோய் மேல்தட்டில் வைத்து, ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்தாள்.

மறுநாள் காலை குவாரியில் நல்ல கூட்டம். கல் வெட்டி எடுத்த பள்ளத்துக்குள் வளைந்து வளைந்து போகிற பாதை. ஏறுகிற இடமெல்லாம் பாறை, இறங்குகிற இடமெல்லாம் ஜல்லி. பதினான்கு வண்டிகள் வரிசையாக நின்று உறுமின. நிழலில் மடக்கு நாற்காலி போட்டு டீம் மேனேஜர் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு நோட்டு.

ராக்கெட்டின் வண்டியை எல்லோரும் பார்த்தார்கள். அடியில் புதுத் தகடு கண்ணாடி மாதிரி மின்னியது. பின்னால் சிவப்பு கார்டு. “கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு வண்டி” என்று பக்கத்து வண்டிக்காரன் சொன்னான். ராக்கெட்டுக்கு முகம் மலர்ந்தது.

கொடி தூக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது, கயிற்றைத் தாண்டிக்கொண்டு அவள் ஓடி வந்தாள்.

“என்னங்க!” மூச்சு வாங்கியது. கையில் துணிப்பை. “அந்தக் கறுப்பு கார்டைக் கொண்டு வந்திருக்கேன். ஸ்பேனரும் இருக்கு. ரேஸ் நடத்துறவங்ககிட்ட பத்து நிமிஷம் கேளுங்க, தருவாங்க. ப்ளீஸ்ங்க. இந்த ஜல்லிக்கு சிவப்பு ஆகாது.”

சத்தமாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஏழெட்டுப் பேர் திரும்பினார்கள். மேனேஜர்கூட நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“தம்பி, உன் மெக்கானிக்கா?” என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு கிளம்பியது.

ராக்கெட்டுக்குச் சுருக்கென்றது. ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினான்.

“மெக்கானிக் இல்லை சார், ஸ்பேர் பார்ட்ஸு! பல்லைப் பார்த்தா தெரியலை?”

பெரிய சிரிப்பு. அவளை ஒரு கையால் தோளில் தள்ளினான். இரண்டடி பின்னால் போய் ஜல்லியில் உட்கார்ந்தாள். பையிலிருந்த ஸ்பேனர் தெறித்து விழுந்தது. யாரும் கை கொடுக்கவில்லை. அவளே எழுந்து, ஸ்பேனரைப் பொறுக்கிப் பையில் போட்டு, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே போய் நின்றாள். உள்ளங்கையில் ரத்தம் கசிந்திருந்தது.

கொடி இறங்கியது.

ராக்கெட் ஓட்டத் தெரிந்தவன். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. முதல் சுற்றில் ஐந்தாவது, இரண்டாவது சுற்றில் மூன்றாவது. மூன்றாவது சுற்று முடியும்போது இரண்டாவது இடம். ஜால்ரா கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான். மேனேஜர் நோட்டில் ஏதோ எழுதி அடிக்கோடு போட்டார்.

நாலாவது சுற்று. மேட்டிலிருந்து வண்டி காற்றில் எழும்பியது. அடியில் தகடு வெயில் பட்டுப் பளிச்சென்றது. இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கல் அரைக்கிற சத்தம் மாதிரி, கரக்கென்று ஒரே ஒரு தடவை.

பின்சக்கரம் இரண்டும் சுற்றாமல் தரையைத் தொட்டன.

வண்டி முன்னால் குப்புறப் பாய்ந்தது. அவன் தெறித்துப் போயிருந்தால் தப்பித்திருப்பான். இடது பூட்ஸ் மிதியில் மாட்டிக்கொண்டது. வண்டி அவனையும் சேர்த்துக்கொண்டு சரிவில் உருண்டது. இரண்டு உருட்டு. பின்னால் வந்தவன் திருப்பப் பார்த்தான், முடியவில்லை. ராக்கெட்டின் முட்டி மேலேயே ஏறிப் போனான்.

கூட்டம் ‘ஐயோ’ என்றது. பிறகு போன்களைத் தூக்கியது.

ஸ்ட்ரெச்சர் அவளைத் தாண்டிப் போகும்போது அவள் மேனேஜரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடிக்கோடு போட்ட பெயரின் மேல் ஒரு கோடு கிழித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஜால்ராவைக் காணோம். ராக்கெட்டின் ஹெல்மெட் சரிவில் கிடந்தது.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட யாரும் வரவில்லை. பட்டறையை வாங்கவிருந்தவர் செவ்வாய்க்கிழமை போன் பண்ணினார். அவள் எடுத்தாள்.

“அவர் இனிமே எங்கேயும் போகலைங்க. விக்கிற எண்ணமும் இல்லை,” என்று சொல்லி வைத்தாள். பக்கத்தில் நின்ற வெல்டர் தரையைப் பார்த்தார்.

“சித்தப்பா.”

“சொல்லு பாப்பா.”

“அந்த ஆள் இன்னும் வேலை தர்றேன்னா நீங்க போகலாம். வயித்துப் பொழப்பு.”

அவர் போகவில்லை. அன்று மத்தியானம் நசுங்கிய வண்டியிலிருந்து சிவப்பு கார்டைக் கழற்றச் சொன்னாள். உள்ளே, செயினுக்கும் பல்லுக்கும் நடுவில், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ஜல்லிக்கல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வெல்டர் உளி வைத்துத் தட்டி எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கழுவித் துடைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறு கட்டில் போட்ட வார்டு. அவன் இடது காலில் முட்டிக்கு மேலும் கீழும் கம்பிகள் குத்தி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார்: நடக்கலாம், ஆனால் முட்டி மடங்காது. வண்டி என்ற பேச்சே வேண்டாம்.

அவனைப் பார்க்க வேறு யாரும் வந்திருக்கவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பைச் சரியாக வைத்தாள். இப்போதைக்கு ஒன்றுதான் தேவைப்படும் என்பது போல் வலதுகால் செருப்பை மட்டும் முன்னால் நகர்த்தினாள்.

அவன் காலில் நீட்டிய கம்பிகளைப் பார்த்தபடி கேட்டான்.

“அந்தக் கறுப்பு கார்டு... அதைப் போட்டிருந்தா?”

“கல்லு கீழே விழுந்திருக்கும்.”

 கல்யாணமான ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் அவள் முன்னால் அழுதான்.

“மூணு தடவை சொன்னே. கடையில சொன்னே, பட்டறையில சொன்னே, அத்தனை பேர் முன்னாடி ஓடி வந்து சொன்னே. நான் தள்ளிவிட்டேன். நீ என் மேல எவ்வளவு உசிரா இருந்திருந்தா...”

பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். “இப்படி ஒரு பொண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும் சார்,” என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனாள்.

அவள் கைப்பையைத் திறந்தாள். கல்லை எடுத்து, அவன் தலைமாட்டில், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அவன் கண்ணைத் துடைத்துவிட்டு, காதருகே குனிந்தாள்.

“ஒன்பது வருஷத்துல நான் சொன்ன ஒண்ணையாவது நீங்க செஞ்சிருக்கீங்களா? அந்த நம்பிக்கையிலதாங்க மூணு தடவையும் சொன்னேன்.”